கூரையைக் கையில் வைத்திருந்தவனிடம் நீ கேட்டது

நேற்றுக் காலை எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அரிசிப் பைகளை இறக்கினார்கள். படியிறங்கும்போதே புதுப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு பையிலும் பொதுத்தேர்தல் வேட்பாளரின் சிரித்த முகம். கட்சியின் கிளைக்காரர், வரிசையில் நின்ற பெண்களிடம், "போட்டோ எடுத்தாத்தான் அரிசி லா, அக்கா. மேல அனுப்பணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது கட்சி காசா, அரசாங்கக் காசா, தம்பி?" என்று கேட்டேன்.

"அரிசி அரிசிதானே, அக்கா" என்று சிரித்தார்.

அந்தக் கேள்வி என்னுடையதல்ல, உன்னுடையது. அதனால்தான் இன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகிப் பினாங்குக்கு வந்தவள் நீ. கப்பல் முகவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. சூலியா தெருவில் நாம் மதியச் சோறு சாப்பிடும்போதும் உன் கைப்பேசி தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஊரில் குண்டு விழுந்த நாள்களில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய், சோறு ஆறிவிடும். போர் முடிந்தது. உன் கணவரும் இறந்துபோனார். நீ பெட்டி கட்டினாய்.

"இந்த வயசுல அங்க போய் என்னா செய்யப் போற?" என்றேன்.

"இவ்வளவு காலமும் துவக்கும் குண்டும்தான் கதைச்சது. இனிச் சனம் கதைக்கட்டும்" என்றாய்.

உன் கிராமத்துக்கு நான் வந்தபோது பாதி வீடுகள் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தன. கடற்கரைப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பிரதேச சபைத் தேர்தலுக்கு ஒரு சிறிய அணி கட்டியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்துக்குப் பெரிய கட்சியின் ஆள் வந்தான். "எங்கட கூட்டங்களுக்கு வாற ஆக்களுக்குத்தான் முதல்ல வீடு" என்றான். நீ எழுந்தாய்.

"வீட்டுத் திட்டம் ஆரின்ர காசு? உங்கட அப்பன்ர சொத்தோ?"

உன் பெண்கள் கைதட்டினார்கள். ஆனால் மறுநாள் உன் பெண்களில் பாதிப்பேர் அவன் அனுப்பிய லாரியில் ஏறி அவன் கட்சிக் கூட்டத்துக்குப் போனார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. உனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. "கூரை இல்லாதவளிட்டக் கொள்கை கேக்காத. கூரையைக் கையில வச்சுக்கொண்டு பேரம் பேசுறவனிட்டக் கேள்" என்றாய்.

அப்படியும் நீ வென்றாய், உன் அணியில் நீ மட்டும். சபையில் இரண்டு பெரிய கட்சிகளும் சமபலம். உன் கை யார் பக்கம் உயர்கிறதோ, தலைமை அவர்களுக்கு. தங்களுக்குக் கை தூக்கினால், சபை நூலகத்தில் காலியாக இருந்த வேலைக்கு நீ சொல்லும் ஆளையே போடுவதாகத் தூது விட்டார்கள். அணி தொடங்கிய நாள்முதல் உன்னோடு நின்ற தோழி, போரில் கணவனைப் பறிகொடுத்தவள், அந்த வேலையைத் தன் மகளுக்குக் கேட்டாள்.

அன்று தொலைபேசியில் உன் குரல் உடைந்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடேன். யாரு தப்புன்னு சொல்லப் போறா?" என்றேன்.

"குடுத்தால் நாளைக்கு நான் அவளுக்கு எசமானி. எசமானியள் வேண்டாமெண்டுதானே நாங்கள் தொடங்கினது."

பேரத்துக்கு இணங்காமல், வேலையை விளம்பரப்படுத்தி, பரீட்சை வைத்து ஆள் எடுக்கவேண்டும் என்று சபையில் நின்று வாதாடினாய். வென்றாய். வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. தோழி விலகினாள், அவளோடு மற்றவர்களும் விலகினார்கள். அடுத்த தேர்தலில் நீ தோற்றாய். அதற்குப் பிறகு வந்த நோய் உன்னை விட்டுவைக்கவில்லை.

உன் செத்தவீட்டில் ஒரு பெரியவர், "நல்ல மனுசி. ஆனா அரசியல் தெரியாது" என்றார். துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல் நான் சத்தமாகவே சொன்னேன்: "அவளுக்குத் தெரிஞ்சதுதாங்க அரசியல். மத்தவங்க செய்யறது வியாபாரம்."

உன் தோழியும் அங்கே இருந்தாள். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பிள்ளை பரீட்சை எழுதி வேற இடத்தில வேலை எடுத்திட்டாள். ஒருத்தருக்கும் கும்பிடு போடத் தேவையில்லை எண்டு சொல்லுறாள். இவவிட்ட வந்து சொல்ல வேணுமெண்டு நினைச்சனான். பிந்திப் போச்சு" என்று அழுதாள். அவளால் சொல்ல முடியாததை நான் இப்போது சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்.

போர் தின்ற நாட்டில் கட்சிகள் எதையாவது கொடுத்துத்தான் வேர்விட முடியும், நேர்மையெல்லாம் பிறகு வரும் என்கிறார்கள் படித்தவர்கள். என் வாழ்நாளில் போரே காணாத எங்கள் ஊரிலும் அதே பேச்சுத்தான். இங்கேயும் அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. நான் காத்திருப்பதாக இல்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது. இத்தனை காலமும் கிளைக்காரர்கள் கைகாட்டியவர்தான் தலைவர். இந்த முறை நான் நிற்கிறேன். எதிர்வீட்டுப் பெண் நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்று கேட்டாள்.

"ஜெயிச்சா என்னா குடுப்பீங்க, அக்கா?"

"ஒண்ணும் குடுக்க மாட்டேன். மாசாமாசம் கூட்டம் போடுவேன். யாரு வேணும்னாலும் எந்திரிச்சு என்னைக் கேள்வி கேக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்கு யாரு அக்கா ஓட்டுப் போடுவா?"

"எனக்கு என் ஓட்டு இருக்கு" என்றேன். "இன்னொண்ணு ஒன் கையில இருக்கு."