யேசு ஓட்டிய ஜீப்

9-2-1975, ஞாயிறு

செல்வத்தின் மாமாவுடைய பழைய ஜீப்பில் அவன், யேசு, நான் மூன்று பேரும் காஷ்மீர் வரை போவதென்று வருஷக்கணக்காகப் பேசி வருகிறோம். எங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் யேசு ஒருவன்தான். இரண்டு மாதத்துக்கு முன் பட்டறை மிஷினில் அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

"வேற ஆளைக் கூட்டிக்கினு போங்கடா. இந்தக் கைய வச்சிக்கினு கியர் போட முடியாது" என்றான் இன்று.

செல்வம் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டான். "நீ ஓட்டலன்னா நாங்களும் போவல. ஆரம்பாக்கம் வரைக்கும் ஓட்டிப் பாரு."

கும்மிடிப்பூண்டியில் முதல் கியர் விழவே பாடாய்ப் படுத்தியது. எளாவூர் தாண்டுவதற்குள் உள்ளங்கையாலேயே தள்ளப் பழகிவிட்டான். ஆரம்பாக்கம் வந்தது. அவன் நிறுத்தவில்லை.

"இன்னாடா, போய்க்கினே இருக்கே?" என்றேன்.

"காஷ்மீரு இன்னும் வரலியே!"

மூன்று பேரும் கத்திச் சிரித்தோம். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

திரும்பும்போது கியர் மாற்றுகையில் பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். மே மாதத்துக்குள் கை ஆறிவிடும். கட்டாயம் கிளம்புகிறோம். வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. காலையில் அப்பா ஷிஃப்டுக்குப் போவதற்குள் சொல்லிவிடுகிறேன்.