இரத்தக்குழாயைக் கழுவும் பத்திய மாத்திரை விற்பனையைத் தடுக்கக் கோரி

அனுப்புநர்:
சௌதாமினி விஸ்வம்பரன்,
கோயில் கிழக்குத் தெரு,
இரிஞ்ஞாலக்குடா.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு உதவி ஆணையர் அவர்கள்,
திருச்சூர் மாவட்டம்.

பொருள்: இதய நோயாளிகளின் மருந்தை நிறுத்தச் சொல்லிச் சத்து மாத்திரை விற்கும் கடை மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் விஸ்வம்பரனுக்குச் சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று மருத்துவர் என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்.

2. கர்க்கடக (ஆடி) மாதம் பிறந்ததும் மருந்துக் கஞ்சிக்கான பொருள் வாங்க எங்கள் தெருமுனையிலுள்ள டேவிஸ் என்பவரின் கடைக்குப் போனேன். அவர் ஒரு சத்து மாத்திரைப் புட்டியைக் காட்டி, "சேச்சி, இது ரத்தக்குழாயை உள்ளேயே கழுவி விட்டுடும். ஆனா பத்தியம் முக்கியம். இங்கிலீஷ் மருந்தோட சேர்ந்தா உடம்புல பிடிக்காது" என்றார். கர்க்கடக மருந்து எடுக்கையில் வேறு மருந்தைத் தொடாத குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அதனால் உடனே நம்பிவிட்டேன்.

3. "அந்தச் சின்ன மாத்திரையைக் காணோமே?" என்று கணவர் கேட்டார். "டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாரு" என்று கூசாமல் பொய் சொன்னேன். நான் கொடுத்ததை அவர் மறுபேச்சின்றி விழுங்கினார். மாதம் முடியுமுன் ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வந்தது. பிழைத்தார். ஆனால் இப்போது கழிப்பறைவரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

4. மாத்திரை ஏன் நின்றது என்று மருத்துவமனையில் மருத்துவர் விசாரித்தபோது, நான் வாய் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டு, "அவளைக் கேக்காதீங்க டாக்டர், மாத்திரையை நான்தான் மறந்துட்டேன்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் என்னைத் தின்கிறது.

5. இப்போது அதே புட்டியை ஓணப் பரிசுப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். எங்கள் தெருவில் பைபாஸ் செய்துகொண்ட குஞ்ஞுவறீத் வீட்டிலும் வாங்கியிருக்கிறார்கள். வேண்டாம் என்று தடுக்கப் போனேன். அவர் மனைவியோ, "உங்க வீட்டுச் சேட்டனே மாத்திரையை மறந்துட்டேன்னு சொன்னாராமே, அப்புறம் மருந்தை ஏன் குறை சொல்றீங்க?" என்று கேட்டார். அவருக்கு நான் தரும் பதிலே இம்மனு.

ஆகவே, ஓணத்துக்கு முன் அந்தக் கடையைச் சோதனையிட்டு விற்பனையை நிறுத்துமாறும், வாங்கியவர்கள் மருத்துவர் தந்த மாத்திரையை விடாதிருக்க அறிவிப்புச் செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். என் பொய்யையும் தங்கள் விசாரணையில் பதிவு செய்துகொள்ளலாம்.

அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் என் கணவர் மூச்சிரைக்க எழுந்து உட்கார்ந்து, தவறு தன்னுடையதுதான் என்று மறுபடியும் சாதிப்பார். தயவுசெய்து அவரை நம்ப வேண்டாம்.

இடம்: இரிஞ்ஞாலக்குடா
நாள்: 22.08.2024

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சௌதாமினி விஸ்வம்பரன்