கண்ணுக்குச் சரி, காதுக்குப் பிழை

என் அன்பான பெரியண்ணா,

நீங்கள் போய் ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது. இங்கே ஒஸ்லோவில், நம்முடைய ஹொல்ம்லியாவில் எல்லோரும் சுகம். நல்ல சேதியோடுதான் எழுத இருந்தேன். ஆனால் நேற்று ஓயுனா வீட்டில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள் கீழ்வீட்டு மங்கோலியப் பெண் ஓயுனாவை மறந்திருக்கமாட்டீர்கள். மேலிருந்து கீழே ஓடும் அவர்களுடைய பழைய எழுத்தில் தன் தாயின் கதையைக் கைப்பட எழுதி வைத்திருந்தாளே. அதைக் கணினியில் அடித்துப் புத்தகமாக்கிக் கொடுத்தது நீங்கள்தானே. அந்த மொழியில் ஒரு சொல் தெரியாமல், வடிவத்தை மட்டும் பார்த்துப் பார்த்து அடித்தீர்கள். அவள் பக்கம் பக்கமாகப் பார்த்து, பிழையே இல்லை என்று உங்களைக் கட்டிப்பிடித்தாள்.

இப்போது சர்க்கரை வியாதியால் அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இனி அம்மாவின் கதையைக் கணினி வாசிக்கக் கேட்கலாம் என்று ஆசைப்பட்டாள். நான்தான் நீங்கள் அடித்த கோப்பைக் கொண்டுபோய் அவளுடைய கணினியில் போட்டேன். தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இது என்ன பாஷை?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. உடனே உங்கள் மகனுக்குப் போன் எடுத்து, கோப்பையும் அனுப்பினேன். கணினி படித்தவன் அல்லவா. கோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மாமி, அந்த எழுத்திலை ஓவும் ஊவும் பாக்க ஒரே வடிவம்தான். இன்னும் அப்பிடிக் கன சோடி இருக்கு. ஆனா கணினிக்குள்ளை ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி எண். அப்பா வடிவம் வந்தால் காணுமெண்டு கைக்குக் கிட்டின கீயை அமத்தியிருக்கிறார். ஹெலெ பூக்கா, மாமி. முழுப் புத்தகமும்."

நம்முடைய ககரத்தை நினைத்துப் பார்த்தேன். கடலிலும் அதுதான், பகலிலும் அதுதான், சொல்லும்போதுதான் வேறு. அந்த இரண்டுக்கும் இரண்டு எண் வைத்திருந்தால் நாமும் மாட்டித்தானே இருப்போம்?

ஒஸ்லோவில் இறந்த தமிழரில் பாதிப் பேருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரை அடித்தவர் நீங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் கணினிக்குள்ளே ஆங்கில எழுத்துக் கிடக்கும், வெளியே தமிழ் தெரியும். "தாளிலை வடிவாய் வந்தால் சரி, உள்ளுக்கை என்ன கிடந்தால் எங்களுக்கென்ன" என்பீர்கள். அதே கைப்பழக்கம்தான் ஓயுனாவின் புத்தகத்திலும் வேலை பார்த்திருக்கிறது. கோபம் கோபமாக வருகிறது, அண்ணா. யாரோடு சண்டை பிடிப்பது?

"கணினி பழுதா?" என்று ஓயுனா கேட்டாள்.

"இல்லை, அண்ணா விட்ட பிழை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஒரு பனிக்காலம் முழுக்கப் பக்கத்திலை இருந்தவர். ஒருநாளும் என்னை வாசிச்சுக் காட்டச் சொல்லேல்லை."

எனக்குக் கணினி வாசித்ததைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. ஏன் கேட்கவில்லை, அண்ணா? உங்களுக்கு அது என்ன கதை என்று அறிய ஆசை வரவில்லையா?

இனி ஒரே வழிதான் என்கிறான் உங்கள் மகன். அவள் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, நாங்கள் சத்தத்தைக் கேட்டு எண்ணை மாற்ற வேண்டும். அந்த எழுத்தை வாசிக்க இங்கே வேறு ஆளில்லை, அதுவும் அவளுக்குப் பார்வை இருக்கும்வரைதான். நேற்றே தொடங்கிவிட்டோம். நீங்கள் அச்சடித்த புத்தகத்தில் பூதக்கண்ணாடியை வைத்து முதல் வரிகளை வாசித்தாள். பிறகு எனக்கு அர்த்தம் சொன்னாள்.

"இது என் அம்மாவின் கதை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆகையால் இதைக் கையில் எடுப்பவர்கள் உரத்து வாசியுங்கள்."

அதைத்தான் அண்ணா நீங்கள் முதலில் அடித்திருக்கிறீர்கள்.

அவள் கண் போவதற்குள் கடைசிச் சொல்வரை கேட்டு மாற்றிவிடுவேன். முடிந்ததும் உங்கள் கல்லறையடிக்குக் கொண்டுவந்து, கணினியை முழுவதையும் உரத்து வாசிக்க விடுவேன். நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

கோபம் ஆறாத, பாசமும் குறையாத,
உங்கள் கடைசித் தங்கச்சி