கடைசித் தங்கை இன்னும் பதில் சொல்லவில்லை

16-11-89, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் காயவில்லை. வானாய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் கூரை ஒழுகல், வாளி வைத்தாயிற்று.

பொறுப்பாளர் சொன்னது: சனிக்கிழமை கம்ப்யூட்டரை மலையிலிருந்து இறக்குகிறார்கள். புதியது வருமாம். எப்போது? தெரியாது.

அதில் தே.யின் கணக்கு இன்னும் ஓடுகிறது. தேவகி. மூன்று வருடம் என் பக்கத்து நாற்காலி. மே மாதம் கல்யாணமாகிச் செங்கம் போனவள். நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறைவதைக் கணக்கிடும் புரோகிராம். போகும்போது, "ஓடட்டும்டி. நிறுத்த வேண்டி வந்தா நீயே நிறுத்து" என்றாள்.

17, வெள்ளி

மழை. பஸ் இல்லை. மெழுகுவத்தி, தைலம் வாங்க வேண்டும்.

ஒரே பெட்டிக்குள் நாலு பிராசசர். தே. வைத்த பெயர்: அக்கா, மூன்று தங்கைகள். அக்கா கணக்கைப் பங்கு பிரித்துக் கொடுப்பாள். தங்கைகள் ஒரே நேரத்தில் செய்வார்கள்.

முதல் வருடம் விவரம் தெரியாமல் அக்காவை மட்டும் நிறுத்தினோம். தங்கைகள் அவள் பதிலுக்குக் காத்தபடியே கிடந்தார்கள். டிஸ்க்கில் ஒன்றும் ஏறவில்லை. அத்தனை வேலையும் போச்சு. தே. அழுதாள். பிறகு நனைந்துகொண்டே டீக்கடை, போண்டா. திரும்பும் வழியில் சட்டென்று நின்றாள்: "ஒவ்வொருத்திகிட்டயும் 'போதும்'னு சொல்லணும்டி. கையில இருக்கறத முடிச்சி, எழுதி வெச்சிட்டு, 'சரி'ன்னு சொல்லிட்டு நிக்கணும். அக்கா கடைசியா."

அன்று எவ்வளவு சிரித்தோம். எதற்கென்று ஞாபகமில்லை.

18, சனி

ஜீப் காலையிலேயே வந்துவிட்டது. 'போதும்' அனுப்பினேன். முதல் தங்கை: சரி. இரண்டாவது: சரி. மூன்றாவது, ஒன்றுமில்லை.

டிரைவர் தங்கவேலு வாசலில். "இன்னாம்மா, ஆச்சா? மழை வலுத்தா ரோட்ல மரம் வுழும்."

பொறுப்பாளர்: "சுவிட்சை அணைச்சிடுங்க. அந்தம்மாதான் வேலையவே வுட்டுட்டாங்களே."

அணைத்தால் மூன்றாவதின் பங்கு முழுக்கப் போய்விடும். சுவிட்சை மறைத்து நின்றேன். "அவ கையில ஒரு நட்சத்திரம் பாதியில இருக்கு சார். முடிச்சிட்டுதான் நிப்பா."

முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். தங்கவேலு படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "முடிச்சிட்டே வரட்டும்மா. ஜீப் எங்க போவப் போவுது."

காத்திருந்தேன். வாளியில் சொட்டு விழும் சத்தம். கடைசியில் திரையில்: சரி.

பிறகுதான் அக்கா. பெட்டிக்கு மேல் தார்ப்பாய். கயிற்றின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன்.

19, ஞாயிறு

வெயில். தே.க்கு டிரங்க் கால். முதலில் மாமியார், பிறகு அவள்.

"எல்லாரும் நின்னாங்களா?"

"நின்னாங்க. கடைசித் தங்கைதான் லேட்."

"எழுதி வெச்சாளா?"

"எல்லாத்தையும்."

அப்புறம், லைனில் இரைச்சல் மட்டும். ஆப்பரேட்டர் குறுக்கே வந்தார்: "மூணு நிமிஷம் ஆச்சும்மா. கட் பண்ணிடவா?"

தே. அவசரமாக: "வேணாங்க, இன்னும் மூணு நிமிஷம் குடுங்க."