நான் வெட்டிய வரி

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்கள் பத்திரமாகக் கரையேறி, துறைமுக அலுவலகத்தில் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட்டால் எனக்கு அதுவே போதும். அங்கிருந்து அந்தக் கழிமுகத்துக்கு ஒரு நாள் ஓட்டம்தான் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். படகை எடுப்பதற்கு முன் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

வீட்டுச் செய்தி முதலில். கூரை ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. மகள் தினமும் போன் செய்து, அறுபத்துமூன்று வயதில் அப்பாவுக்குத் தனியாகப் பாய்மரப் படகு கேட்கிறதா என்று திட்டுகிறாள். உங்களுக்குச் சேர வேண்டிய திட்டெல்லாம் எனக்குத்தான். நம் படகுப் பத்திரிகை அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் புது ஆசிரியர் இன்னும் உட்காரவில்லையாம். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாராம். இருபத்தாறு வருஷம் நீங்கள் தேய்த்த நாற்காலி, பயமாகத்தான் இருக்கும்.

பாய் தைக்கும் கொட்டகையிலிருந்து நீங்கள் முதல் கட்டுரையைக் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விரலெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கயிற்றுக்கடை மாடியில் அப்போது பத்திரிகை நடந்த அந்த இரண்டு அறைகளில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். உங்கள் பதினொரு பக்கத்தை நான்காக்கினேன். சண்டைக்கு வருவீர்கள் என்று பார்த்தால், படித்துவிட்டு, "இப்பதாங்க படகு மிதக்குது" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குக் ‘கத்தரி’ என்று பேர். ஆசிரியரான பிறகும், என் எழுத்தில் கை வைக்கக் கத்தரிக்கு மட்டும்தான் உரிமை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்கள். அந்தப் பெருமைதான் இப்போது என்னைக் கொல்கிறது.

போன வாரம் மருந்துக்கடைக்காரரின் மனைவி நம் வீட்டுக்கு வந்தார். ஆமாம், நீங்கள் எழுதிய வழியைப் பார்த்துக் கழிமுகத்துக்குள் படகை விட்டு, பாறையில் மோதி இறந்துபோனாரே, அந்தச் சந்தாதாரரின் மனைவி, அதே படகில் இருந்து பிழைத்தவர். அந்த இதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கடல் தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. ‘நுழைவாயிலில் இரண்டு ஆள் ஆழம்’ என்ற இடத்தில் அவர் கணவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள், அந்த இடத்தை மறுபடி அளக்கத் தனியாகப் போயிருக்கிறீர்கள் என்று சொன்னேன். அந்த அம்மா இதழைத் தடவிக்கொண்டே, "தண்ணி உள்ள வர்றப்பகூட, ஆசிரியர் தப்பா எழுத மாட்டாரேன்னுதாங்க சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றார். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நீங்கள் எச்சரிக்கை எழுத மறக்கவில்லை. பயணத்தின் நடுவில் தபாலில் அனுப்பினீர்களே, அந்தக் கட்டுரையின் கடைசி வரி இதுதான்: ‘இந்த ஆழம் கடல் ஏறியிருந்தபோது எடுத்தது, வற்றியிருக்கும்போது உள்ளே போகாதீர்கள்.’ பக்கத்துக்குள் அடங்காமல் ஒரு வரி வழிந்தது. அச்சகத்தில் மெஷின் காத்திருந்தது. படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியிருக்கலாம். நீங்கள் எல்லாக் கட்டுரையையும் ‘கவனமாகப் போங்கள்’ என்றுதானே முடிப்பீர்கள், இதுவும் அப்படித்தான் என்று சரியாகப் படிக்காமலே அந்த வரியை அடித்துவிட்டேன்.

விபத்துச் செய்தி வந்த அன்று, உங்கள் கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்டீர்கள். கழிவுக் காகிதத்தோடு போய்விட்டது என்றேன். போகவில்லை. என் தையல் பெட்டியின் அடியில் இருந்தது. முதலில் பயம். பிறகு நீங்கள் முன்பக்கத்தில் உங்கள் பேரைப் போட்டு மன்னிப்புக் கேட்டதும், இனி எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம். ஏழு மாதம் உங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு, நீங்கள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வரியா?" என்று மட்டும் கேட்டார். தேநீரைத் தொடவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "அந்தப் பாறைகிட்ட இன்னொருத்தர் போக வேணாம். முதல்ல அவருக்கு எழுதுங்க" என்றார்.

அந்தக் கையெழுத்துப் பிரதியின் கடைசித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரியின் மேல் இருக்கும் சிவப்புக் கோடு என்னுடையது. புது ஆசிரியருக்கும் நகல் அனுப்பியாயிற்று. முன்பக்கத்தில் என் பேரோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. எங்கேயும் வெட்டவில்லை. நீங்கள் சரியாகத்தான் அளந்தீர்கள், சரியாகத்தான் எழுதினீர்கள். அங்கே போய் அளக்க இனி ஒன்றும் இல்லை. படகை அந்தத் துறைமுகத்திலேயே கட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுங்கள். என் முகத்தைப் பார்த்துப் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு பேசாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கத்தரி