சிந்துவின் ஃப்ளாப்பியில் வைரஸ் இல்லை

மயிலாப்பூர்,
30.4.98

சௌபாக்கியவதி ஹம்சினிக்கு அப்பாவின் அநேக ஆசிகள். அம்மாவும் நானும் உடம்பளவில் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை குருபிரசாத்தும் இந்நேரம் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் வெயிலைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அக்னி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை, அம்மா அதிலும் விடாமல் வடாம் பிழிந்து காயவைத்துவிட்டாள், உனக்கென்று ஒரு டின் தனியாக வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் யாராவது வருகிறவர்கள் இருந்தால் எழுது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அம்மாவின் முழங்காலுக்கு லஸ் கார்னரில் ஒரு டாக்டர் தைலம் கொடுத்திருக்கிறார், வலி குறைந்ததோ இல்லையோ, வீடு முழுக்க அந்த வாசனைதான். இத்தனை நாளாக ஈமெயிலில் நாலு வரி தட்டிக்கொண்டிருந்த அப்பா ஏன் மறுபடி பேனாவைப் பிடித்திருக்கிறேன் என்று உனக்குத் தோன்றும். கம்ப்யூட்டர் போய்விட்டது உனக்குத் தெரியும். தெருமுனையில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருக்கிறது, ஆனால் அங்கே பக்கத்து நாற்காலிக்காரர்கள் நம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் எழுத வேண்டியது அப்படி நாலு பேர் பார்க்க எழுதக்கூடியது இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வரவில்லை.

போன தடவை நீ பேசியபோது, மாடி வீட்டு ராஜரத்தினத்தின் பெண் சிந்து எங்கிருந்தோ ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து போட்டாள், அதிலிருந்த வைரஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்று சொன்னேன். சிந்துவா, அவ அப்படியெல்லாம் அஜாக்கிரதையா இருக்க மாட்டாளே என்றாய். பிறகு, நான் வந்திருந்தபோது பெட்டிக்குள்ளே டக் டக்னு ஒரு சத்தம் கேட்டதே, அது இன்னும் இருக்காப்பா என்று கேட்டாய். அது எப்போதோ நின்றுவிட்டது என்றேன். காப்பி எடுத்து வெச்சிருக்கியா என்றாய், எல்லாம் இருக்கிறது என்றேன். மூன்றும் பொய் ஹம்சி. அந்த முதல் பொய்யை உன்னிடம் மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சத்தம் நிற்கவே இல்லை, பொங்கலுக்கு அப்புறம் அதிகம்தான் ஆயிற்று. ஆன் செய்தால் உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது போல இருக்கும், விண்டோஸ் பாதியில் அப்படியே நின்றுபோகும், நீலத் திரை வரும், கரண்ட் போய் வந்தால் கேட்கவே வேண்டாம், டிஸ்க்கைச் சோதிக்கிற ஸ்கேன்டிஸ்க் தானாக ஆரம்பித்துக் கட்டம் கட்டமாக நகரும், அது முடிவதற்குள் நான் குளித்து ஜபத்தை முடித்துக் காபியும் குடித்துவிட்டு வந்துவிடலாம். சில நாள் அதுவும் வராமல் அடம் பிடிக்கும், அப்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவேன், உயிர் வந்துவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. ரிடையர் ஆன பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர் என்று இந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அசோசியேஷன் நோட்டீஸ் அடிக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். இதை நமக்குப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொடுத்த பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும், அதனால் கூப்பிடவில்லை. நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ஃப்ளாப்பி டப்பாவின் மேல் கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சிந்து வர ஆரம்பித்தாள். எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம், அடையாறு முகத்துவாரத்து நண்டுகளைப் பற்றி ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். தண்ணீர் வடிகிற நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி நண்டைப் பிடித்து அளந்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவாளாம், அவள் அம்மா மீனாட்சி அந்தச் சுடிதார்களைத் துவைத்தே அலுத்துப்போனாள். காலேஜ் லேபுல எடம் கெடைக்கல மாமா, இங்க டைப் பண்ணிக்கலாமா என்று கேட்டாள், தாராளமாக வா என்றேன். தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து எண்களாகப் போட்டு அட்டவணை கட்டுவாள், நம் வீட்டில் ஒரு பெண் குழந்தை மறுபடி நடமாடுவதுபோல் இருந்தது, அம்மா அவளுக்கென்றே பஜ்ஜி போடுவாள். ஒருநாள் கைப்பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து, இதுல ஒரு காப்பி போட்டு வச்சுக்கறேன் மாமா என்றாள். நான்தான் தடுத்தேன். இந்த உப்புக் காற்றில் ஃப்ளாப்பியெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும், ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் பாங்க் லாக்கரில் இருக்கிற மாதிரி என்றேன். பெரியவர் சொல்கிறாரே என்று அந்தப் பெண் அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டது. பக்கத்திலேயே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, எனக்கு அது காதில் விழுந்தது.

அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாம்பலத்திலிருந்து உன் சித்தி, சித்தப்பா, அவர்கள் பெண், இன்னும் யார் யாரோ சுவாமி பார்க்க வந்து வீடு நிறைந்துவிட்டது. நீ அனுப்பிய புது வீட்டுப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் காட்டுகிறேன் என்று எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தேன். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி, அதற்கு மேல் நகரவில்லை. தட்டினேன், இன்னும் பலமாகத் தட்டினேன். உன் சித்தப்பா சிரித்துக்கொண்டே, என்ன ஓய், பொண்ணு வாங்கிக் குடுத்ததை அடிச்சே கொன்னுட்டேளா என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து சிந்து, மீனாட்சி கொடுத்தனுப்பிய பானகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். முந்தின நாள் காலேஜிலிருந்து ஏதோ வரைபடம் கொண்டுவர அவள் ஒரே ஒரு தடவை ஃப்ளாப்பி போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. என் வாயில் என்ன புகுந்ததோ, இதோ இவளைக் கேளுங்கள், கண்ட கண்ட ஃப்ளாப்பியைப் போட்டு வைரஸை ஏற்றிவிட்டாள், இரக்கப்பட்டு இடம் கொடுத்ததற்கு எனக்கு நன்றாக வேண்டும் என்றேன். அவள் நான் பண்ணவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. என்னோடது எல்லாம் அதுலதான மாமா இருக்கு என்றாள், அவ்வளவுதான். பானகத்தை டேபிளில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பொன்னுரங்கம் அப்புறம் வந்தான். திறந்து பார்த்து, டிஸ்க்கு உள்ள பூட்ச்சு சார், தானா தேஞ்சு போயிருக்கு, வைரஸ்லாம் ஒண்ணும் கெடையாது, உள்ள இருந்தத எடுக்கவும் முடியாது என்றான். அப்போதாவது நான் நேரே மாடிக்குப் போயிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா. அவன் கிளம்பும்போது மாடிப்படியில் மீனாட்சி இறங்கி வருவது கேட்டது, நான் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே யாராவது கேட்டால் வைரஸ் இல்லை என்று சொல்லிவிடாதே என்று அவன் காதோடு சொன்னேன். எனக்கின்னா சார், நீங்க சொன்னா சரி என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பினால் சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், போய்விட்டாள். அதற்கப்புறம்தான் நீ போன் செய்தாய், அம்மா அறைக்குள் இருந்தாள், உன்னிடமும் அதையே சொன்னேன். ரிசீவரை வைத்ததும் அம்மா வெளியே வந்தாள். இப்போ பெத்த பொண்ணுகிட்டேயும் சொல்லியாச்சா, நீங்களா மாடிக்குப் போய்ச் சொல்றேளா, இல்லே நான் போகட்டுமா, நான் போனா பொன்னுரங்கம் வாயை அடைச்சதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன் என்றாள்.

போனேன். ராஜரத்தினம் அப்போதுதான் தன் பாண்டி பஜார் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார், எழுந்து நின்று உட்காருங்க சார் என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெசினுன்னா கெடத்தான் சார் செய்யும், அத விடுங்க என்றார். பிறகு, ஆனா எம் பிள்ளைய அத்தன பேரு முன்னால வச்சுச் சொன்னிய, இப்ப கதவடைச்சு எங்கிட்ட மட்டும் தனியா வந்து சொல்லுதிய என்றார். உன் சித்தி பெண்ணும் சிந்துவும் ஒரே காலேஜ் என்பது அன்று கூடத்தில் அப்படிப் பேசியபோது எனக்கு நினைவே இல்லை. அவள் மூலமாகப் பேச்சு பரவி, லேபில் சிந்துவை ஃப்ளாப்பியோடு உள்ளே விடுவதில்லையாம், கூடப் படிக்கிறவர்கள் வைரஸ் என்றே கூப்பிடுகிறார்களாம். அறிக்கை கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. நான் அவர்கள் வீட்டு போனையே எடுத்து, அவர்கள் மூன்று பேரும் கேட்க, உன் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் இதற்கும் சிரித்தார். மறுநாள் காலேஜுக்குப் போய்த் துறைத் தலைவரம்மாவிடமும் லேப்காரரிடமும் அதையே சொன்னேன், என்னைவிட எத்தனையோ வயது சின்னவர்கள் முன்னால் என் காது மடல் சூடானது இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தம்மா அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள்.

ஆனாலும் அவள் அந்த லேபுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். பனகல் பார்க் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்து, கையெழுத்தில் இருந்த பழைய தாள்களைப் பார்த்து முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். அட்டவணையெல்லாம் திரும்பவும் கணக்குப் போட வேண்டியதாயிற்று. நான் கூட வந்து வாசிக்கட்டுமா, உனக்கு வேகமாகப் போகுமே என்று கேட்டேன். மீனாட்சி வேண்டாம் என்றாள், அந்தப் பெண்தான், வரட்டும்மா, சீக்கிரம் முடியும் என்றது. இப்போது என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறாள். பஸ்ஸில் தனி சீட்டில் உட்காருவாள். நண்டுகளின் லத்தீன் பெயர்களை நான் தப்பாகப் படிப்பேன், தலையைத் திருப்பாமலே திருத்திச் சொல்லுவாள். கடைசித் தாள் நன்றியுரை. அப்பா அம்மா, ஆசிரியர்கள் எல்லாருக்கும் பிறகு ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும், தன் மகளுக்குத் திறந்துவிட்டதுபோல் தன் வீட்டை எனக்குத் திறந்துவிட்ட சுவாமிநாதன் மாமாவுக்கு என்று. அறுபத்துமூவருக்கு முன்பு எழுதியது. நான் நிறுத்திவிட்டேன். படிங்க சார் என்றாள். இந்த வரி வேண்டாம்மா என்றேன். அது நான் எழுதுனது, வேணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன், நீங்க படிங்க என்றாள். படித்தேன். அவள் கீபோர்டுக் கட்டைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் படித்ததைத்தான் அடிக்கிறாளா என்று திரையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறிக்கையைக் கொடுத்தாகிவிட்டது, பிரதி ஒன்று மாடியில் இருக்கும், நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லிப் புது ஹார்ட் டிஸ்க் அனுப்புகிறேன் என்றாயே, இப்போதைக்கு வேண்டாம். நீ சிந்துவுக்கு ஒரு வரி எழுது. எனக்காகப் பரிந்து எழுதாதே, அப்பா வயசானவர் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. அப்பா போனில் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும் என்று எழுது, அது போதும். இதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன், எதையும் விடலை, ஒட்டிடுங்கோ என்றாள், இன்று என்னோடு அவள் பேசியது இதுதான். வேளைக்குச் சாப்பிடுங்கள், பனியில்லை என்று காதைக் கட்டாமல் வெளியே போகாதே. இருவரும் எல்லா க்ஷேமமும் பெற்று நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த தடவை போன் செய்யும்போது நான் எடுத்தால், இதைப் பற்றி நீயாகவே முதலில் பேசு, என்னால் ஆரம்பிக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
சுவாமிநாதன்