மூன்றாவது டேக்கில் தையல் மிஷின்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் டெய்லரோடு சண்டை. என் ரெக்கார்டிங் ஸ்டூடியோ மாடியில், அவர் கடை நேர் கீழே. துடைப்பக் கட்டையால் தரையில் மூன்று தட்டு தட்டினால் அவர் மிஷினை நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் ஓட்டலாம். ஏழு வருடமாக இதே ஏற்பாடு, ஏழு வருடமாக இதே சண்டை.

இன்று வாலுவின் பாட்டு. வாலு என் நாத்தனார். வயது முப்பத்தெட்டு, குழந்தைகள் வார்டில் நர்ஸ், ஆனாலும் வீட்டில் அவளுக்கு இன்னமும் அதுதான் பெயர். ஊசி போடும்போது பிள்ளைகளுக்குப் பாடுவதற்கென்று அவளே கட்டிய பாட்டு.

*ஒண்ணுன்னு சொல்லு, எறும்பு வருது*
*ரெண்டுன்னு சொல்லு, எறும்பு கடிக்குது*
*மூணுன்னு சொல்லும் முன்னாலே*
*எறும்பு போச்சு வீட்டுக்கு*

அவ்வளவுதான் பாட்டு. இதைக் கேட்டால் பிள்ளைகள் கையை நீட்டுகிறார்களாம். டியூட்டிக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். முதல் இரண்டு டேக்கிலும் சிரிப்பு. மூன்றாவதில் அப்படியே உருகிப் பாடினாள். இரண்டாவது சுற்று தொடங்கும்போது கீழேயிருந்து டக்-டக்-டர்ர். மூன்று தட்டு தட்டியும் மனுஷன் ஓட்டுகிறார். இன்னொரு டேக் கேட்டேன், நேரமாகிவிட்டது என்று பறந்துவிட்டாள்.

கீழே போய்க் கேட்டால், "காலர் பாதில நிக்குதும்மா. நடுவுல விட்டா கோணிக்கும்" என்கிறார். பாட்டு கோணினால் பரவாயில்லையா?

மார்ச் 5, புதன்

ஸ்டூடியோ பார்க்க ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு. "உங்க ரூம்ல குரல் எப்படி வரும்னு ஒரு சாம்பிள் கேக்கலாமா?" என்றார். நேற்றைய மூன்றாவது டேக்கைத் தவிர வேறு எதைப் போடுவேன்? கண்ணை மூடிக் கேட்டார். பென்டிரைவில் போட்டும் கொடுத்தேன்.

வெளியே போகும் எந்தப் பிரதியிலும் இருபது வினாடிக்கு ஒரு முறை என் குரலில் "மாதிரி மட்டும்" என்று பதித்துத்தான் கொடுப்பது என் வழக்கம். பாடுகிறவர்கள் எல்லோரும் இதற்காக என்னைத் திட்டியிருக்கிறார்கள். இன்று பதிக்கவில்லை. அந்தக் குரலுக்கு நடுவே என் தகரக் குரலை நுழைக்க மனம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

மிஷின் சத்தத்தை எடுத்து வாலுவுக்கு ஒரு சுத்தமான பிரதி செய்து அனுப்பினேன். முதலில் பதிவானதை மட்டும் எப்போதும்போல் தொடவில்லை. என் தேதி அறிவிப்பு, அவள் சிரிப்பு, டர்ர் எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு டிஸ்க் ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டு அலமாரியில் புடவைகளுக்கு நடுவில். "கல்யாண மோதிரத்தை எங்க வச்சேன்னே உனக்குத் தெரியாது, இதுக்கு மட்டும் ரெண்டு பூட்டு" என்கிறார் வீட்டுக்காரர். மோதிரத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம், இல்லையா?

மார்ச் 20, வியாழன்

வெள்ளைச் சட்டையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போகட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டெய்லர் மாடியேறி வந்தார். ஏழு வருடத்தில் இது நாலாவது முறை. "ஏம்மா, டிவில என் மிஷின் ஓடுது" என்றார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து மோர் கொடுத்து அனுப்பினேன். குடித்துவிட்டு, வாசலில் நின்று மறுபடியும் அதையே சொன்னார். எறும்பு மருந்து விளம்பரமாம்.

ஏப்ரல் 23, புதன்

தேடிப் பிடித்துப் பார்த்தேன். கீச்சுக் குரலில் ஒரு குழந்தை பாடுகிறது. பின்னால் பலமான கொட்டு. மருந்தைத் தூவியதும் எறும்பு மல்லாந்து விழுந்து காலை உதறுகிறது. அப்போது வருகிறது: எறும்பு போச்சு வீட்டுக்கு.

குழந்தைக் குரல் இல்லை அது. கணினியில் போட்டு மெல்ல மெல்லக் குரலை இறக்கினேன். நாலு படி இறக்கியதும் வாலு பாடுகிறாள். கொட்டுச் சத்தத்துக்கு அடியில் டக்-டக்-டர்ர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திருடியது அவன். சரி. தூக்கிக் கொடுத்தது யாரு? நான்தானே. பெருமை பீத்திக்கிட்டு, பென்டிரைவுல போட்டு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வச்சேனே.

ஏப்ரல் 24, வியாழன்

வாலு போன் செய்தாள். கத்தரிக்காய் விலை வரை பேசினோம். இதை மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

வாலு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே, "அண்ணி, பசிக்குது" என்பாள். இன்று அதைச் சொல்லவில்லை.

வார்டில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. தினமும் ஊசி. பாட்டைத் தொடங்கியதும் அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாளாம். "வேணாம் சிஸ்டர், அந்த எறும்பு செத்துப்போயிடும்" என்று அழுதாளாம். பக்கத்துக் கட்டில் பையன், "இது டிவி பாட்டு, சிஸ்டர் காப்பி அடிக்கிறாங்க" என்றானாம். மூன்று நாளாக இவள் பாடவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண்ணுக்கு ஊசி போடுகிறார்கள்.

பிறகு சொன்னாள், மெதுவாக: "எங்கயோ கேட்டதத்தான் நான் என்னோடதுன்னு நெனச்சுப் பாடிட்டேனோ அண்ணி? எனக்கே சந்தேகமா இருக்கு. யாரோ ஒருத்தர் பாட்ட எடுத்துட்டேனோ?"

அடிப்பாவி. திருட்டுக் கொடுத்தவளே தன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு எதற்கு ஸ்டூடியோ?

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைச் சட்டை, பென்டிரைவ், மூன்று நாளாகச் சொல்லாமல் மறைத்தது, எல்லாம். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"எல்லாருக்கும் போடுவீங்களே, 'மாதிரி மட்டும்'னு. எனக்கு ஏன் போடல?"

"பாட்டு கெட்டுப்போயிடும்னு தோணுச்சுடி."

போட்டு வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டாள். இந்த வீட்டில் அவள் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

போனை எடுக்கவில்லை. "அவ கோபம் ரெண்டு நாள் தாங்காது" என்கிறார் அவள் அண்ணன். கோபமாக இருந்தால் பரவாயில்லையே. அந்த முகத்தில் கோபம் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

விளம்பரக் கம்பெனிக்குப் போனேன். நானும் வரேன் என்று டெய்லர் பிடிவாதம் பிடித்தார். கடையைப் பூட்டி, இஸ்திரி போட்ட சட்டையில், இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து கிளம்பி வந்தார். சொல்லலாம் என்று நினைத்தேன். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

கண்ணாடிச் சுவர் போட்ட அறை. வெள்ளைச் சட்டையும் அவருடைய மேலாளர் அம்மாவும். வெள்ளைச் சட்டைக்கு என்னைத் தெரியவே தெரியாதாம். "எங்க பாடகி பாடினது மேடம். இந்த மாதிரி மெட்டு ஊரெல்லாம் இருக்கு."

அலமாரிப் புடவைகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்த டிஸ்க்கைப் போட்டேன். என் குரல்: "மார்ச் நாலு, செவ்வாய், எறும்புப் பாட்டு, டேக் மூணு." வாலுவின் சிரிப்பு. பிறகு பாட்டு. இரண்டாவது சுற்றில் டக்-டக்-டர்ர். அடுத்து அவர்கள் விளம்பரத்தை நாலு படி இறக்கிப் போட்டேன். அதே இடத்தில் அதே டக்-டக்-டர்ர்.

"ஏதோ இரைச்சல்" என்றார் வெள்ளைச் சட்டை.

டெய்லர் எழுந்துவிட்டார். "இரைச்சல் இல்ல தம்பி, அது என் மிஷின். பெல்ட் ஒட்டுப் போட்டது. ரெண்டு தையல் ஒழுங்கா போகும், ஒட்டு வர்ற எடத்துல வழுக்கும், அந்த டர்ர் அதுதான். அன்னிக்கு நான் தெச்சது நீலக்கோடு போட்ட சட்டை, காலர். பாதில நிறுத்தச் சொல்லி இந்தம்மா தட்டினாங்க, நான்தான் நிறுத்தல. உங்க பாடகி எங்க பாடினாங்க? என் கடைக்கு மேலயா?"

மேலாளர் அம்மா டெய்லரைப் பார்த்தார், இஞ்சு டேப்பைப் பார்த்தார், கடைசியாக வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அந்த ஆளோ மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாங்க விசாரிச்சுச் சொல்றோம்" என்றார் அந்த அம்மா, என் கண்ணைப் பார்த்து.

திரும்பும் வழியில் டெய்லரிடம் கேட்டேன்: "அன்னிக்கு நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?" யோசித்துவிட்டு, "காலர் கோணியிருக்கும்" என்றார்.

மே 2, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். பாட்டும் குரலும் யாருடையது என்று வாலுவின் முழுப்பெயரோடு, வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கே எடுத்துப் போனேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அப்ப என் பாட்டுதான்" என்றாள்.

"உன் பாட்டுதான்."

அழுதாள். நானும்தான், எழுதுவதற்கு என்ன வெட்கம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணி, பசிக்குது" என்றாள். அவள் வீட்டில், அவள் அடுப்பில், நான் தோசை வார்த்தேன்.

சாப்பிடும்போது ஒன்று சொன்னாள். மிஷின் சத்தத்தை எடுத்த பிரதி அவளுக்கு வேண்டாமாம். "அந்த டர்ர் இருக்கறதுதான் என்னோடது. வேற யாருகிட்டயும் அந்த எறும்பு இல்ல."

மே 6, செவ்வாய்

பாட்டுக்கு இன்னொரு சுற்று கட்டியிருக்கிறாள். வீட்டுக்குப் போன எறும்பு கால் கழுவிச் சாப்பிட்டு, மறுநாள் நலம் விசாரிக்க வருகிறது. நேற்று வார்டில் பாடிப் பார்த்தாளாம். அந்தப் பெண் கடைசி வரை கேட்டுவிட்டு, "நாளைக்கும் வருமா?" என்று உறுதி செய்துகொண்டு, கையை நீட்டினாளாம். யாரும் பிடிக்கவில்லை.

நாளை முழுப்பாட்டும் புதிதாகப் பதிவு. டெய்லரும் உண்டு. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மே 7, புதன்

காலையில் ஒத்திகை பார்த்தால் கீழே சத்தமே இல்லை, பூனை நடப்பதுபோல் ஓடுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ரெக்கார்டிங் என்று மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டியிருக்கிறார் மனுஷன்.

"பழச மாட்டுங்க டெய்லரே."

"அது வழுக்கும்மா. நாலு பேர் கேப்பாங்க, அசிங்கம்."

"வழுக்கறதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டதே."

முணுமுணுத்துக்கொண்டே, குப்பைக் கூடையிலிருந்து பழைய பெல்ட்டை எடுத்து மாட்டினார். காலர் தயாராக வைத்திருந்தார்.

மேலே வாலு மைக் முன்னால் நின்றுகொண்டு, "அண்ணி, இந்தத் தடவ வெளிய குடுக்கறதுல 'மாதிரி மட்டும்' போட்டுடுங்க" என்றாள். "உங்க தகரக் குரல்லயே போடுங்க." போடுகிறேன் என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

தேதியைச் சொன்னேன். எறும்புப் பாட்டு, டேக் ஒன்று என்றேன். மைக் திறந்திருக்க, துடைப்பக் கட்டையை எடுத்துத் தரையில் இரண்டு தட்டு தட்டினேன்.